நெஞ்செரிச்சலும் ஒரு சாட்சியும்

எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் அடுத்த வீட்டில் ஒரு கை வாங்கிச் சமாளித்துவிடுவோம். கேஸ் மாத்திரை தீர்ந்தால்தான் என் மனைவிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மத்தியானமே கடைக்குப் போன் வந்துவிடும். “மறந்திராதீங்க, அட்டையில ஒண்ணுகூட இல்ல.” கருங்கல் சந்தைக்குப் போகிற ரோட்டில் எனக்குப் பெயின்ட் கடை. இரண்டு கடை தள்ளி மெடிக்கல். நான் படியேறும் முன்பே கடைக்காரர் அட்டையை எடுத்து மேசையில் போட்டிருப்பார். டாக்டர் சீட்டு எங்கே என்று அவர் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை. கடலை மிட்டாய் வாங்குகிற மாதிரி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன்.

ஆரம்பத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. முட்டுவலிக்கு ஒரு எலும்பு டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். அது வயிற்றைப் புண்ணாக்கும், கூடவே இதையும் போடுங்கள், ஒரு மாதம் போதும் என்றார். முட்டுவலி போனது, வலி மாத்திரையும் போனது. கேஸ் மாத்திரை மட்டும் விருந்துக்கு வந்த மச்சினன் மாதிரி வீட்டோடு தங்கிவிட்டது. விட்டால் எரியுமோ என்ற பயத்தில் அவள் ஒரு நாளும் விட்டுப் பார்க்கவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போடுகிற முறையாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. காலையில் முதலில் பால் விடாத கட்டஞ்சாயா, பிறகு குடும்ப ஜெபம், பிறகு புட்டோ தோசையோ. சாப்பாட்டுக்கு நடுவிலோ பின்னாலோ எப்போது ஓர்மை வருகிறதோ அப்போது மாத்திரை. தொண்டையில் இறங்கவில்லை என்றால் கடித்து விழுங்குவாள். கோயிலில் அசனம் என்றால், அதாவது சபையே கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த விருந்தென்றால், முன்கூட்டியே ஒன்று அதிகம். நானும் சும்மா சொல்லக்கூடாது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கையிலிருந்து ஒன்று வாங்கி வாயில் போட்டிருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். கேஸ் மாத்திரை யாருக்கு என்ன கெடுதல் செய்யப்போகிறது என்பதுதான் எல்லாருடைய நினைப்பும்.

கொஞ்ச காலமாக அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். உள்ளங்கால் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்பாள். எப்போது பார்த்தாலும் சீணம், அசதி. “அடுப்படியில நின்னு நின்னு வந்த வினை” என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொள்வாள். நான் ஒரு தைலப் புட்டி வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது. மாத்திரைக்கும் காலுக்கும் முடிச்சுப் போட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

என் மனைவி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் செயலாளர். நானோ கடைசி பெஞ்சுக்காரன். பிரசங்கம் நீண்டால் வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கிற ஆள். எனக்கு எங்கேயும் ரொம்ப நேரம் இருப்புக் கொள்ளாது. அவள் எனக்கும் சேர்த்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் சபையில் பந்தல் போட்டுச் சில நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தபோது வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். இடியாப்பம் பிழிவதும் கோழிக்கறி வைப்பதும் சாயங்காலம் பாடகர் குழுவில் நிற்பதுமாக அவள் பம்பரமாய்ச் சுற்றினாள். கடைசி நாள் சாயங்காலம் சேலை எடுக்க அலமாரியைத் திறந்தவள் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. போடவும் இல்லை, எரியவும் இல்லை.

“எனக்கு எரியலியே, கண்டியளா?” என்றாள் என்னிடம். “இத்தற நாளா மறந்து போனேன். ஒரு ஏப்பம்கூட வரல்ல.”

நல்லதாய்ப் போச்சு என்றேன். எனக்கும் சந்தோஷம்தான்.

அன்று கூட்டத்தில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சொல்ல, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அழைத்தபோது அவள் எழுந்து மேடைக்குப் போனாள். அவள் மேடையேறுவது புதிதில்லை, தன்னைப் பற்றிப் பேச ஏறியதுதான் புதிது. பல வருஷமாக மாத்திரையில்லாமல் சாப்பிட முடியாமல் இருந்ததையும், இந்தக் கூட்டத்தில் கர்த்தர் தன் வயிற்றைத் தொட்டதையும், இனிமேல் மாத்திரை வேண்டாம் என்பதையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் எழும்பியது. என் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வயிறு சொகமான மாதிரி நானும் தலையாட்டினேன்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. மரச்சீனிக் கிழங்கும் மத்திமீன் கறியும் சாப்பிட்டாள். கெட்டியாகச் சாயா குடித்தாள். மெடிக்கல்காரர் என்னை ஏறிட்டுப் பார்ப்பார், நான் தலையை ஆட்டிவிட்டு நடப்பேன்.

அப்புறம் தொடங்கியது. முதலில் நான் கவனித்தது சத்தத்தை. சாப்பிட்டு முடித்த கையோடு அடுக்களையில் பாத்திரங்களைத் தேவையில்லாமல் நகர்த்துவாள். நகர்த்தி முடித்தால் முற்றத்துக்குப் போவாள், கொடியில் காய்ந்த துணியை எடுப்பாள், ஈரம் இருக்கிறது என்று மறுபடி போடுவாள். டிவி முன்னால் உட்கார்ந்தால் எழும்புவாள், எழும்பினால் உட்காருவாள். எங்கள் பக்கம் இதற்கு வெப்ராளம் என்று பெயர். உடம்பில் எங்கேயோ ஒன்று துரத்த, ஆள் ஓட முடியாமல் ஓடுவது. வீட்டில் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இருப்புக் கொள்ளாது என்று நினைத்திருந்தேன். இப்போது இரண்டு பேரும் எதிரெதிரே நடந்தோம்.

தலையணைகள் அவள் பக்கம் ஏறிக்கொண்டே போயின. சீரகத் தண்ணி, மோரு, இஞ்சிச் சாறு, தேங்காய்ப் பால் என்று ஒவ்வொன்றாக அடுப்படியில் வந்து போயின. “எரியுதா?” என்று கேட்டால் “இல்ல” என்பாள். நெஞ்சைத் தடவிக்கொண்டே இல்லை என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறேன், நேரில் பார்த்தது அப்போதுதான்.

ஒரு நாள் காலையில் தோசையை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

“ஏட்டி, போடு இத. பொறவு பேசலாம்.”

அவள் அதைத் தொடவில்லை. “இதப் போட்டா நான் மேடையில சொன்னது என்னவாவும்? பொய்யில்லியா ஆவும்?”

“உனக்க வயிறு எரியுதது பொய்யா?”

“முன்னேவிட இப்பம் அதிகமா எரியுது. அப்படின்னா என்ன அர்த்தம்?” அவள் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னாள். “சொகம் தந்தாரு. நான்தான் அதக் காத்துக்கிடல்ல. எனக்க விசுவாசத்துல எங்கியோ ஓட்ட இருக்கு.”

அவள் வயிற்றைப் பற்றி நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் பயந்துகொண்டிருந்தது வேறு இடத்தில். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, தெரிந்தபோது என் கோபம் யார் மேல் போவது என்று தெரியாமல் நின்றது. கடைக்குப் போய் ஒரு வாடிக்கையாளரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

இதற்குள் இன்னொரு முடிச்சும் விழுந்திருந்தது. களியக்காவிளைப் பக்கம் ஒரு சபையிலிருந்து அவளை உபவாச ஜெபத்துக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் பந்தலில் அவள் சொன்ன சாட்சியை அந்தச் சபைப் போதகர் கேட்டாராம். அதே சாட்சியை அங்கேயும் வந்து சொல்ல வேண்டுமாம். வருகிறேன் என்று இவள் ஒத்துக்கொண்டிருந்தாள். எரிச்சல் இல்லாத அந்த ஒரு வாரத்தில் கொடுத்த வாக்கு. இப்போது அந்த நாள் நெருங்க நெருங்க அவள் வயிற்றில் புளியைக் கரைத்தது, அங்கே ஏற்கெனவே போதுமான புளிப்பு இருந்தபோதும்.

அந்த வாரம்தான் டீச்சர் போன் செய்தார். டீச்சர் என்றால் எங்கள் சபையில் ஒரே ஒரு டீச்சர்தான். பணி ஓய்வு பெற்று இரணியல் பக்கம் தனியாக இருக்கிறார். மகன் குவைத்தில். கோயிலில் என் மனைவிக்கு அடுத்த இடம் அவருக்கு. அசனச் சமையலில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தேங்காய் திருவுவார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“மக்கா, உனக்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே முடிவு பண்ணினேன். நானும் கேஸ் மாத்திரைய நிறுத்திப்போட்டேன், கேட்டியா. உனக்குக் கிடச்சது எனக்கும் கிடைக்கும்னு ஒரு நம்பிக்க.”

“இப்பம் எப்படி இருக்கு டீச்சர்?” என்று என் மனைவி கேட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“சொகமா இருக்கேன் மக்கா. ஸ்தோத்திரம்.”

போனை வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை நகர்த்தத் தொடங்கினாள். டீச்சருக்குக் கிடைத்துவிட்டது, தனக்குத்தான் நிலைக்கவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். மதியம் அவள் சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவள் கிணற்றடியில் வாந்தியெடுத்தாள். வெறும் புளித்த தண்ணீர். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினேன். “நீ மாத்திர போடாண்டாம். டாக்டர்ட்ட என்னன்னு கேப்போம். கேக்குததுக்கும் பாவமா?” என்றேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். சண்டை பிடிக்கக்கூடத் தெம்பில்லை என்பது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு, சிரிப்புக் குறைவு. கேள்வி கேட்கிற வேகத்தில் எனக்கே மூச்சு முட்டியது. எத்தனை வருஷமாகப் போட்டீர்கள், யார் சொல்லிப் போட்டீர்கள், எப்போது போடுவீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், மலம் கறுப்பாகப் போகிறதா, விழுங்கச் சிரமமா, எடை குறைந்ததா. சாயா குடித்து சாப்பிட்டு முடித்துப் போடுவோம் என்றதும் பேனாவால் மேசையைத் தட்டினார்.

“எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுசா விழுங்கணும். கடிக்கக் கூடாது. அரைமணி நேரம் கழிச்சுத்தான் சாயாவும் சாப்பாடும். சரி, அது இருக்கட்டும். ஏன் ஒரேயடியா நிறுத்தினீங்க?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேல்சுவரில் பல்லியைப் பார்த்தேன். பிறகு அவளே சொன்னாள். கன்வென்ஷன், மறந்துபோனது, எரியாதது, சாட்சி, எல்லாவற்றையும். டாக்டர் சிரிப்பாரோ என்று எனக்குப் பக்கென்றிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, இந்த மாத்திரையை நிறுத்தினாலும் அதோட வேலை சில நாள் நிக்கும். அதனாலதான் உங்களுக்கு உடனே எரியல. அதுக்கப்புறம் வயிறு விழிச்சுக்கும். இத்தனை வருஷம் அமிலத்தை அடக்கி வச்சிருந்தீங்க. சானல்ல ஓடுற தண்ணிக்கு மடையை அடைச்சு வச்சிட்டுத் திடீர்னு பிடுங்கினா என்ன ஆகும்? பழைய அளவைவிட அதிகமாப் பாயும். கொஞ்ச வாரம் அப்படித்தான் இருக்கும். ரொம்ப நாள் போட்ட யாருக்கும் இது வரலாம். அதனாலதான் டாக்டர்கிட்ட கேட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தணும்.”

“அப்பம் எனக்க நோய் திரும்பி வரல்லியா?” என்று கேட்டாள் என் மனைவி.

“நோய் இருக்கான்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்ப்போம். ஆனா நிறுத்தினதும் எரிஞ்சதுக்கு உங்க மேல குத்தம் இல்ல. வயித்தோட சுபாவம் அது.”

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை நாளாக அவள் தூக்கிச் சுமந்த ஒன்றை யாரோ வாங்கி இறக்கி வைத்தது எனக்கே தெரிந்தது. அந்த டாக்டரை எனக்கு அப்போதுதான் பிடித்தது.

கெண்டைக்கால் இழுப்பையும் உள்ளங்கால் மரத்துப்போவதையும் அவரே கேட்டு வாங்கினார். வருஷக் கணக்கில் போட்டால் சிலருக்கு பி-டுவெல்வ் குறையும், மக்னீசியம் குறையும், எலும்பு தேயவும் வழியிருக்கிறது என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோபிக்கும் எழுதினார். நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தேவையானவர்களுக்கு இது நல்ல மாத்திரைதான், தேவை முடிந்த பிறகும் விடாமல் போடுவதும், தேவை இருக்கும்போது திடுதிப்பென்று விடுவதும்தான் தப்பு என்றும் சொன்னார்.

கிளம்பும் நேரத்தில், ஆறுதலில் நாக்கு இளகி, என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். “எங்க சபையில ஒரு டீச்சர் எனக்க சாட்சியக் கேட்டு நிறுத்தினாவ. அவியளுக்கு ஒண்ணும் செய்யல்ல, சொகமா இருக்காவ.”

“அவங்க எதுக்காகப் போட்டாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“அவியளுக்கு ஹார்ட்டுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அந்த மாத்திரைகளோட சேத்து இதுவும் உண்டு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் போடுகிற மாத்திரை வயிற்றில் ரத்தம் கசிய வைக்கலாம், அது நடக்காமல் இருக்கத்தான் சிலருக்கு இதையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்றார். “இதை மட்டும் நிறுத்திட்டு அதைப் போட்டுக்கிட்டிருந்தா வயித்துக்குக் காவல் இல்ல. ஹார்ட் மாத்திரையை அவங்களா நிறுத்தவும் கூடாது. இன்னைக்கே போய்ப் பாருங்க. மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுதா, தலை சுத்துதான்னு கேளுங்க. அப்படி இருந்தா நேரா ஆஸ்பத்திரி.”

வெளியே வந்து என் மனைவி டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை போட்டாள். அதற்கும் எடுக்கவில்லை. “வேகம் போங்க” என்று பின்னால் ஏறினாள். என் தோளில் அவள் கை அழுந்திய இடம் வலித்தது.

ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம்தான் வண்டி விட்டார்கள், எதிரே கல் லாரி. நான் ஹாரனை விடாமல் அடித்தேன். முன்னால் பைக்கில் நின்றவர் திரும்பி, “பறந்தா போவிய?” என்று கேட்டார். பறக்க முடிந்தால் பறந்திருப்பேன். பின்னால் என் மனைவி ஜெபம் செய்வது கேட்டது. ஜெபத்தின் நடுவில் “நான் ஏன் மேடையில ஏறினேன்” என்பதும் கேட்டது. நல்லது நடந்தால் நாலு பேரிடம் சொல்வதுதானே எல்லாருக்கும் இயல்பு. அவள் சந்தோஷத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அது டீச்சர் வீட்டு மாத்திரை டப்பா வரைக்கும் போயிருக்கிறது.

டீச்சர் கதவைத் திறந்தார். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்ததாம். எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் கொஞ்ச நேரம்தான் நின்றது, ஏனென்றால் கதவைத் திறந்தவர் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“வாங்க, வாங்க. என்ன ரெண்டு பேருமா?”

“டீச்சர், வயிறு எப்படி இருக்கு?” என்றாள் என் மனைவி.

“சொகமா இருக்கு மக்கா. ஸ்தோத்திரம்.”

“தல சுத்துதா?”

“வெயிலு. வேற ஒண்ணும் இல்ல.”

“வெளிக்குப் போறது கறுப்பாப் போகுதா டீச்சர்?”

டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆண்பிள்ளை நிற்கும்போது கேட்கிற கேள்வியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் வாசலுக்கு இறங்கினேன், ஆனால் காதை அங்கேயே வைத்திருந்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் என் மனைவி சொன்னாள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். வகுப்பில் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல், அதற்கு மேல் கேட்க முடியாது. நான் முற்றத்தில் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றேன். தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு என் மனைவி சொன்னது கேட்டது.

“எனக்கு எரியுது டீச்சர்.”

“என்ன?”

“ஒரு வாரம்தான் சும்ம இருந்து. அதுக்குப் பொறவு எரியுது. முன்னேவிட மோசமா எரியுது. நேத்து வாந்தி எடுத்தேன். எல்லாருட்டயும் மறச்சேன். உங்கட்டயும் மறச்சேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார்.

“உனக்குச் சொகமாச்சு, எனக்கு மட்டும் ஆவல்லன்னு நெனச்சேன் மக்கா,” என்றார். “எனக்குத்தான் விசுவாசம் பத்தல்லன்னு நெனச்சேன். அத யாருட்ட போய்ச் சொல்லுவேன்?” பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “முந்தாநேத்துல இருந்தே கறுப்பாத்தான் போவுது. தாரு மாதிரி. எழும்பி நிக்க முடியல்ல.”

கார் பிடித்து அவரை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டு வயிற்றுப் புண்ணைப் பார்த்து கசிவை அடைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் தொடங்கினார், நான் முடிக்க விடவில்லை. வராந்தாவில் நடந்து நடந்து என் செருப்பு வார் அறுந்தது. என் மனைவி மட்டும் பல வாரங்களுக்குப் பிறகு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் பிழைத்தார். இப்போது அவருக்கு ஹார்ட் மாத்திரையோடு கேஸ் மாத்திரையும் உண்டு, விடவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். என் மனைவிக்கு பி-டுவெல்வ் ஊசி. எண்டோஸ்கோபியில் பயப்பட ஒன்றும் இல்லை. குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டு வந்தோம். காலையில் எழுந்ததும் தண்ணீரும் மாத்திரையும். அரைமணி நேரம் சாயாவுக்கு நான் அடுக்களை வாசலில் நடை பயில்வேன், அவள் ஜெபத்தை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

களியக்காவிளைப் பக்கத்து உபவாச ஜெபம் மட்டும் மீதி இருந்தது. சொகமில்லை என்று சொல்லிவிடு என்றேன். அவள் கேட்கவில்லை. போதகருக்குப் போன் செய்து, மாத்திரை போடுகிறேன், இருந்தாலும் வரலாமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, வாங்க என்றார்.

போனோம். கோயில் நிறையப் பெண்கள், பின்னால் கொஞ்சம் ஆண்கள். நான் வழக்கம்போல் கடைசி பெஞ்சு. மைக்கைப் பிடித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறந்ததை, எரியாததை, பந்தலில் அழுததை, பிறகு எரிந்ததை, மறைத்ததை, டீச்சரை. நடுவில் ஒரு ஸ்தோத்திரமும் எழவில்லை. எழுந்து வெளியே போய்விடலாமா என்று கால் துடித்தது. அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன்.

கடைசியில், கூட்டங்களில் வழக்கமாகச் சொல்கிற மாதிரி, “எல்லாரும் கண்ண மூடுங்க, தலையத் தாழ்த்துங்க” என்றாள். எல்லாரும் மூடினோம். “டாக்டர்ட்ட கேக்காம ஏதாவது மாத்திரைய நிறுத்தினவங்க, நிறுத்திப்போட்டு நோவ யாருட்டயும் சொல்லாம வச்சிருக்கவங்க, கையத் தூக்குங்க. யாரும் பாக்கமாட்டாங்க.”

சேலை உரசுகிற சத்தம் கேட்டது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அப்புறம் நிறைய. இப்போது ஜெபம் செய்வாள், கையைத் தாழ்த்தச் சொல்வாள், அதுதான் முறை.

“கையத் தாழ்த்தாண்டாம்,” என்றாள் என் மனைவி. “இப்பம் கண்ணத் தெறந்து பக்கத்துல பாருங்க.”

பார்த்தேன். என் வரிசையிலேயே மூன்று பேர் கை மேலே இருந்தது. முன்னால் அம்மாவும் மகளுமாக வந்த இருவர், ஒரே வீட்டுக்காரர்கள், ஆளுக்கொரு கையைத் தூக்கியபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள்தான் முதலில் பேசினாள்.

“ஏம்மா, எப்பம் இருந்து?”